நாங்கள் வயதாக்கிய முகம்

ஹம்பேர்க்கில் தமிழில் வளர்ந்தவர்களுக்கென்று ஒரு படக்கதை வரிசை இருந்தது என்று சொன்னால் இன்று யாரும் நம்பப்போவதில்லை. இருந்தது. ஐந்து புத்தகங்கள் வந்தன, ஆறாவது வரவில்லை. நடத்தியவர்கள் இரண்டே பேர். கதையை எழுதி, பேச்சுக் குமிழிகளுக்குள் என் கையெழுத்தில் வசனத்தை நிரப்பியவன் நான். படம் வரைந்தது ஒரு பெண். நாலு வயதில் ஜெர்மனிக்கு வந்து, இங்கேயே ஓவியக் கல்லூரிக்கும் போனவள். வரிசை ஏன் நின்றுபோனது என்று கேட்பவர்களிடம் ‘வாங்க ஆளில்லை’ என்று சொல்லிச் சமாளித்து வந்திருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் காரணம் அதுவும் இல்லை.

நான் ஓர் அச்சகத் தொழிலாளி. எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு பெர்லினைக் கடந்து ஹம்பேர்க்குக்கு வந்தவன். ஏழெட்டு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவிவிட்டு, முப்பது வயதில், என் வயதில் பாதியை அப்போதுதான் தாண்டிய பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து அச்சுத் தொழிலில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்தேன். எங்கள் அச்சகத்துக்கு வந்த வேலைகளில் எனக்குப் பிடித்தது ஒரு சின்னப் பதிப்பாளர் கொண்டுவரும் படக்கதைகள். அந்த மனிதர் வளர்ந்தவர்களுக்கான படக்கதைகளை மட்டுமே போடுவார். விவாகரத்து, புற்றுநோய், தன் வீட்டையே உளவு பார்த்த தகப்பன் என்று எல்லாமே பாரமான கதைகள். இயந்திரத்திலிருந்து தாள் வெளியே வரும்போதே நின்று வாசிப்பேன், மேற்பார்வையாளன் கத்துவான். சின்ன வயதில் நான் வாசித்த சித்திரக்கதைகளில் துப்பாக்கியும் குதிரையும் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. ஒரு கிழவர் சமையலறையில் தனியாக இருந்து முட்டை உரிப்பதை ஆறு கட்டங்களுக்கு இழுக்கலாம், வாசிக்கிறவன் அடுத்த பக்கத்தைத் திருப்ப மறந்துவிடுவான் என்று அந்த இயந்திரத்தடியில்தான் கண்டுகொண்டேன். எங்கள் சனத்துக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்ற விசர் எனக்கு அப்போதுதான் பிடித்தது.

பதிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. இருந்தும் தன் பதிப்பகத்துக்குள் ஒரு மூலையை எங்களுக்கு ஒதுக்கித் தந்தார். ஜெர்மன் பதிப்பு அவர் பாடு, தமிழ்ப் பதிப்பு எங்கள் பாடு. அவருடைய புத்தகங்களின் பின்னட்டையில் சின்னதாக ‘வளர்ந்த வாசகர்களுக்கு’ என்று ஒரு வரி இருக்கும். நான் அதைத் தமிழில் ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று எழுதி, அதையும் முன்னட்டையில், தலைப்புக்குக் கீழேயே போட்டேன். அதைவிட மடைத்தனமான வேலையை நான் பிறகும் செய்திருக்கிறேன், ஆனால் அந்த நேரத்தில் அதுதான் முதலிடத்தில் இருந்தது.

முதல் புத்தகத்தை ஊன்ட்றொப் கோயில் தேருக்குக் கொண்டுபோனோம். வெயில் காலத்தில் அந்தக் கால்வாய்க் கரையில் ஐரோப்பா முழுவதிலுமிருந்து எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிவார்கள். வடைக் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவில் ஒரு மேசை போட்டோம். பெண்கள் புத்தகத்தைத் தூக்கி, அட்டையை வாசித்து, குப்புற வைத்துவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். “கோயில் வாசலில உதையோ அண்ணை விக்கிறியள்?” என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். இன்னொருவர் சுற்றுமுற்றும் பார்த்து, ஒன்றை வாங்கிப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு மறைந்தார். ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தார், முகம் சரியில்லை.

“உதுக்குள்ள ஒண்டும் இல்லையே?”

“என்ன இருக்கும் எண்டு பாத்தனீங்கள்?”

“ஒருத்தன் முதல் பக்கத்தில இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் கோப்பை கழுவுறான்.”

“ஓம், அதுதான் கதை.”

“அதை நான் பதினெட்டு வருசமாச் செய்யிறன். அதுக்கேன் படம்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எங்களுக்குக் கிடைத்த விமர்சனங்களில் நேர்மையானது அதுதான்.

எனக்குக் கதை பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. முகங்கள்தான் பிரச்சினை. முதல் புத்தகத்தில் வந்த ஆண்கள் எல்லோரும் ஒரே அச்சில் இருந்தார்கள். படம் வரைந்தவளிடம் கேட்டால், “அண்ணை, நான் வளர்ந்த ஊரில தமிழ் ஆம்பிளையள் எண்டா அப்பாவும் சித்தப்பாவும்தான். எனக்கு வேற முகம் தெரியாது” என்றாள். அப்போதுதான் என்னிடமிருந்த பிஸ்கட் தகரப் பேணியை எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் பேணியில் என்ன இருந்தது என்பதை இங்கே சொல்லவேண்டும். எண்பதுகளில் ஹம்பேர்க்கில் சொந்தமாக ஒரு தபால் விலாசம் வைத்திருந்த சில தமிழரில் நானும் ஒருவன். கொழும்பிலிருந்து ஆட்களை அனுப்பிய முகவர்கள், வருகிறவனின் கடவுச்சீட்டு அளவுப் படமொன்றை முன்கூட்டியே எனக்குத் தபாலில் போடுவார்கள். ‘வியாழன் அளவில் வருவார், கூட்டிக்கொண்டு போகவும்’ என்று ஒரு துண்டு கூடவே வரும். நான் படத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பெர்லின் புகைவண்டி வரும் மேடையில் நின்று, இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பேன். படத்தில் மீசை இருக்கும், இறங்குகிறவனுக்கு இருக்காது. ஆளைப் பிடித்து, அறைக்குக் கூட்டிவந்து, சோறு கொடுத்து, அடுத்த நாள் எங்கே போய் அன்ட்ராக், அதாவது அகதி விண்ணப்பம், எழுதிக் கொடுக்கவேண்டும் என்று காட்டிவிடுவேன். படம் பேணிக்குள் போகும். அப்படி நாற்பது ஐம்பது படங்கள் சேர்ந்திருந்தன. முகங்களை மறந்துவிட்டேன், அவர்களில் பலர் பெயர்களையும் மறந்துவிட்டேன்.

“இவங்கள் எல்லாரும் இஞ்ச வந்து சேர்ந்தவங்கள். ஆரை வேணுமெண்டாலும் எடுத்துக் கீறு” என்று அவளிடம் சொன்னேன். அந்த ஒரு வசனத்தை இன்றுவரை என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை.

எங்கள் கதைகள் எல்லாம் இன்றைய நாளில் நடப்பவை. பேணியில் இருந்தவர்களோ இருபத்தைந்து, முப்பது வயதுக்காரர்கள். ஆகவே அவள் அவர்களை வயதாக்கினாள். அது அவள் கல்லூரியில் படித்த வித்தை. படத்தைப் பெரிதாக்கி, கீழே வெளிச்சம் எரியும் கண்ணாடி மேசையில் வைத்து, மேலே மெல்லிய தாளைப் போட்டு, முதலில் எலும்பை மட்டும் எடுப்பாள். பிறகு கன்னத்தை இறக்குவாள், கண்ணுக்குக் கீழே பை வைப்பாள், காதையும் மூக்கையும் கொஞ்சம் வளரவிடுவாள். “தசை எல்லாம் துரோகம் செய்யும் அண்ணை. எலும்பு மாறாது” என்பாள். முடிந்ததும் பேனையை வைத்துவிட்டு, “முப்பது வருசம் போட்டாச்சு” என்று கையைத் தட்டிக்கொள்வாள். நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன். அந்த நாட்களில் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

நாலாவது புத்தகம், ஹம்பேர்க்கில் எஸ்-பான் என்ற நகர வண்டியில் தினமும் ஒரே பெட்டியில் ஏறுகிற ஒருவனைப் பற்றியது. அதில் ஒரு முழுப்பக்கப் படம் உண்டு. மாலை நேரம், பிரதான நிலையத்து மேடை, வேலை முடிந்து நிற்கிற கூட்டம். கூட்டத்தின் ஓரத்தில், நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஆட்களின் கடைகளில் மரக்கறி வாங்கிய இரண்டு பைகளோடு ஒருவர் நிற்பார். அறுபதுக்குக் கிட்டிய வயது, நரைத்த தலை, இடது புருவத்தின் நடுவில் ஒரு வெட்டு. கதையில் அவருக்கு ஒரு வசனமும் கிடையாது. ஆனால் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான் வாசகரை நேராகப் பார்ப்பார். ஜெர்மன் வாசகர்கள் அந்தப் பக்கத்தைத்தான் மெச்சினார்கள்.

அந்த வருடத் தேரன்று மத்தியானம், எங்கள் மேசையில் ஓர் அக்கா நின்றபடியே புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்குபவர், அரக்குச் சேலை, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க மகள், தாய்க்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். நான் என் பழக்கப்படி வாயைக் கொடுத்தேன்.

“நிண்ட நிலையிலயே முழுக்க வாசிச்சு முடிச்சிட்டால் நான் என்னத்தை விக்கிறது அக்கா?”

அவர் சிரிக்கவில்லை. அந்த முழுப்பக்கத்தை என் பக்கம் திருப்பி, புருவத்தில் வெட்டு உள்ளவர்மேல் விரலை வைத்தார்.

“தம்பி, இவரை எங்க கண்டனீங்கள்?”

“காணேல்லை அக்கா. உது கீறின படம்.”

“கீறினது எண்டு எனக்கும் தெரியுது. ஆளைப் பாக்காமலோ கீறினது?” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. “இவர் என்ர மனுசன்.”

மகள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. “அம்மா, வெயிலுக்குள்ள நிக்காமல் வாங்கோ” என்று கையைப் பிடித்தாள். தாய் கையை உதறிவிட்டு, நான் கொடுத்த கதிரையில் இருந்தார். அன்று பின்னேரம் முழுவதும் எனக்கும், படம் வரைந்தவளுக்கும் அவர் சொன்னதன் சுருக்கம் இது.

யாழ்ப்பாணத்தில் கல்யாணம் செய்து ஏழு மாதத்தில் கணவர் ஜெர்மனிக்கென்று புறப்பட்டார். அப்போது அக்காவின் வயிற்றில் பிள்ளை. கொழும்பு விடுதியிலிருந்து கணவர் ஒரு கடிதம் போட்டார்: நாளைக்கு விமானம், போய் எழுதுகிறேன். அதுதான் கடைசி. விமானத்தில் ஏறினாரா, ஏறமுன்னரே யாராவது பிடித்துக்கொண்டு போனார்களா, வழியில் விமானம் மாறும் மாஸ்கோவில் நின்றுவிட்டாரா, ஒன்றும் தெரியாது. நாலு வருடம் கழித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்காவும் அதே பாதையில் வந்து, டோர்ட்முண்டில் குடியேறினார். ஆசுப்பத்திரி, செஞ்சிலுவை, கோயில், தேவாலயம் என்று எல்லா இடத்திலும் கேட்டார். பொட்டை அழிக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. பின்னால் கதைத்தவர்களையும் அவர் கணக்கெடுக்கவில்லை. இப்போது மகள் எட்டு வருடமாகக் கெஞ்சி, ஒருவாறு அவரைச் சம்மதிக்க வைத்திருந்தாள். காணாமற்போனவரை இறந்தவராக அறிவிக்கும்படி நீதிமன்றத்தில் ஒரு விண்ணப்பம். ஒக்டோபரில் டெர்மின், நீதிமன்றம் கொடுத்த தவணை நாள். தாய் கையெழுத்து வைத்துவிட்டால், ஒரு திவசமாவது செய்யலாம், வருடத்தில் ஒரு நாளாவது அழுது முடிக்கலாம் என்பது மகளின் எண்ணம். தாயும் களைத்துப்போய் ஓம் சொல்லியிருந்தார். இன்னும் மூன்று மாதம் இருந்தது.

“இனிக் கையெழுத்து என்னத்துக்கு? இவர் ஹம்பேர்க்கில நிக்கிறார்” என்றார் அந்த அக்கா, புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி.

அன்றிரவே படம் வரைந்தவளின் வீட்டுக்குப் போய்ப் பேணியைக் கொட்டினேன். புருவ வெட்டுக்காரர் கிடைத்தார். படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் ‘வியாழன்’ என்று என் எழுத்து. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மறந்திருந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை, நான் அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததே இல்லை. அந்த ஆள் வரவில்லை. வியாழன் போனேன், வெள்ளி போனேன், சனியும் போனேன். வராதவர்கள் இருந்தார்கள்தான். பிரான்சுக்குப் போயிருப்பார்கள், கனடாவுக்குப் போயிருப்பார்கள், பெர்லினிலேயே சொந்தக்காரரிடம் நின்றுவிடுவார்கள். போய்ச் சேர்ந்தோம் என்று எனக்கு எழுதவேண்டிய கடமை யாருக்கு இருக்கிறது? படத்தைப் பேணியில் போட்டேன். வந்தவர்களோடு வராதவரும் ஒன்றாகக் கிடந்தார்.

உண்மையைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்று நாங்கள் இருவரும் நம்பினோம். டோர்ட்முண்டுக்கு அவர்களுடைய வீட்டுக்குப் போனோம். படம், அதைப் பெரிதாக்கிய தாள், எலும்பு மட்டும் எடுத்த தாள், வயது ஏற்றிய தாள் என்று ஒவ்வொன்றாக மேசையில் பரப்பி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் காட்டினாள் படம் வரைந்தவள். கன்னம் எப்படி இறங்கியது, நரை எங்கிருந்து வந்தது எல்லாம் சொன்னாள். “இது என்ர கற்பனை அக்கா. நான் அவரைக் காணவே இல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்று அழுதாள். மகள் சுவரோடு சாய்ந்து நின்று தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அக்கா வயதேறிய தாள்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. சின்னப் படத்தை மட்டும் எடுத்தார். நெடுநேரம் வைத்திருந்தார்.

“இந்தப் படம் எடுக்கேக்க நானும் கூடப் போனனான். சேட்டு என்ர அண்ணையின்ரது” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப, இவர் உங்களிட்டத்தான் வர இருந்தவர்.”

“ஓம் அக்கா. ஆனா வரேல்லை. நான் ஸ்டேஷனில போய் நிண்டனான்.”

“எத்தினை நாள் நிண்டனீங்கள்?”

“மூண்டு நாள்.”

“நாலாம் நாள்?”

நான் மேசையில் பரவிக் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

“நாலாம் நாள் போகேல்லையோ தம்பி?”

“வேலைக்குக் கூப்பிட்டாங்கள் அக்கா. முதல் வேலை. போகாமல் விட ஏலாது.”

அவர் கோபிக்கவில்லை. ஒருமுறை தலையை ஆட்டினார், ஏதோ ஒன்று சரியாகப் பொருந்திவிட்டது போல. “அப்ப நாலாம் நாள் வந்திருக்கிறார். வந்து, ஒருத்தரையும் காணாமல், தெரியாத ஊரில நிண்டிருக்கிறார்” என்றார். முப்பது வருடமாக அவர் எங்கெங்கோ தேடிய ஆளை, நான் அவருக்கு ஒரு நகரத்தில், ஒரு நிலையத்தில், ஒரு மேடையில் கொண்டுவந்து நிறுத்திக் கொடுத்துவிட்டேன். எங்களுக்குத் தேநீர் போட்டுத் தந்தார். நல்ல தேநீர். குடிக்க முடியவில்லை.

ஒக்டோபர் டெர்மினுக்கு அவர் போகவில்லை. அன்று மத்தியானம் மகள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அங்கிள், எட்டு வருசம் அம்மாவோட கதைச்சுக் கதைச்சுக் கொண்டுவந்தனான். நீங்கள் ஒரு பக்கத்தில முடிச்சிட்டியள்.”

“பிள்ளை, நான் வேணுமெண்டு…”

“உங்கட கதைக்கு ஒரு முகம் வேணுமெண்டா உங்கட முகத்தைக் கீறியிருக்கலாமே. அந்தாளைச் சாக விடுங்கோ அங்கிள். நான் அப்பாவைக் காணேல்லை, எனக்கு அவர் இருந்தாலும் ஒண்டுதான் இல்லாட்டிலும் ஒண்டுதான். அம்மாவுக்கு அவர் சாகவேணும்.”

அவள் சொன்ன எதுவும் பிழையில்லை. விற்காமல் கிடந்த பிரதிகளில் ‘இக்கதையில் வரும் முகங்கள் யாவும் கற்பனை’ என்று ஒரு துண்டு அச்சடித்து ஒட்டினேன். ஒரு பிரதியைத் தாய்க்கும் அனுப்பினேன். அவர் அதை வாசித்துவிட்டு மகளிடம், “பாவம், பயத்தில ஒட்டியிருக்கினம். அவருக்கு விசா இல்லையாக்கும், காட்டிக்குடுக்கப் பயம்” என்றாராம். அதையும் அவரிடமிருந்து பறிக்க எங்களுக்கு வழி தெரியவில்லை. எங்கள் சனம் அரை நூற்றாண்டாகப் படிவங்களில் எழுதியதும் மறைத்ததும் அப்படித்தானே.

பிறகு மாதத்தின் முதல் சனிக்கிழமை தோறும் அவர் ஹம்பேர்க்குக்கு வரத் தொடங்கினார். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் புகைவண்டி. புத்தகத்தில் இருந்த அதே எஸ்-பான் மேடை, அதே தூணடி. முதல் தடவை எனக்குச் சொல்லாமல் வந்தார். அடுத்த தடவையிலிருந்து நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் கேட்கவில்லை, நான்தான் போனேன். மூன்று சாப்பாட்டுப் பொதி கொண்டுவருவார். ஒன்று தனக்கு, ஒன்று எனக்கு, ஒன்று வரப்போகிறவருக்கு. அதிகம் கதைக்கமாட்டார். நரைத்த தலையோடு யாராவது இறங்கினால் இரண்டடி முன்னால் வைப்பார், பிறகு பின்னால் வருவார். இருட்டமுன் தன் வண்டிக்குப் போகும்போது மூன்றாவது பொதியை என் கையில் தருவார், “வீணாக்காதேங்கோ தம்பி” என்று. கத்தரிக்காய்க் குழம்பும் முட்டைப் பொரியலும். என் மனைவி அதைத் தொடமாட்டாள். “அந்த மனுசன்ர சோத்தை என்ர வீட்டுக்குள்ள கொண்டு வராதேங்கோ” என்று கதவைத் திறக்கும்போதே சொல்லிவிடுவாள். நான் படியில் இருந்து சாப்பிட்டுவிட்டு உள்ளே போவேன். நல்ல ருசியாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வரிசை அதற்குப் பிறகு ஒரு புத்தகம்தான் தாங்கியது. ஐந்தாவது புத்தகத்தில் முகங்களே இல்லை. எல்லோரும் முதுகைக் காட்டுகிறார்கள், அல்லது கழுத்தோடு கட்டம் முடிகிறது. பேணியை அவள் என்னிடம் திருப்பித் தந்துவிட்டாள். “என்னால ஏலாது அண்ணை. ஆரைக் கீறினாலும் ஆரோ வந்து கேக்கப்போகினம்” என்றாள். பதிப்பாளர் அதைப் பெரிய கலை என்று நினைத்தார். அகதி வாழ்வின் முகமின்மை என்று ஜெர்மன் விமர்சகர் ஒருவர் எழுதினார். எங்களுக்கு அதைத் திருத்தப் பலமில்லை. அடுத்த வருடம் பதிப்பாளரிடமிருந்து மரியாதையான கடிதம் வந்தது: இந்த வரிசையைத் தொடர இயலாமைக்கு வருந்துகிறேன். நாங்களும் மரியாதையாகப் பதில் எழுதினோம். அவள் இப்போது அலுமாரித் துண்டுகளைப் பொருத்திப் பூட்டும் விளக்கத் தாள்களுக்குப் படம் வரைகிறாள். அதில் கைகள் மட்டும்தான் வரும். நன்றாக இருக்கிறேன் என்கிறாள், நான் நம்புவதில்லை.

ஆறு வருடம் நானும் அந்த அக்காவும் அந்த மேடையில் நின்றிருப்போம். கடைசி வருடத்தில் அவரால் நிற்க முடியவில்லை, வாங்கில் இருந்தார். பிறகு வரவில்லை. நுரையீரலில் புற்று என்று மகள் சொன்னாள். அவள் என்னிடம் கோபத்தை விட்டுப் பேசிய முதல் நாள் அது. ஆசுப்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். சுவாசக் குழாயோடு கிடந்தவர், “இந்தச் சனி ஆர் போறது?” என்று கேட்டார். நான் போகிறேன் என்று சொன்னேன். போனேன். நாலாம் நாள் போகாதவன் இந்த ஆறு வருடமும் போய் என்ன, போகாவிட்டால் என்ன என்று அந்தத் தூணடியில் நின்று என்னையே ஏசிக்கொண்டேன்.

பங்குனியில் செத்துப்போனார். கையெழுத்து வைக்கவே இல்லை.

செத்தவீடு டோர்ட்முண்டில் ஒரு மயானத்து மண்டபத்தில். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மட்டும் தருவார்கள், அதற்குள் எல்லாம் முடியவேண்டும். முப்பது நாற்பது பேர் இருந்தோம். படம் வரைந்தவளும் வந்திருந்தாள், பின்வரிசையில் ஒதுங்கி இருந்தாள். பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். மகள் என்னைக் கூப்பிட்டு ஒரு பையைக் காட்டினாள். உள்ளே இரண்டு சேலை. ஒன்று வெள்ளை, ஒன்று தாயின் கல்யாணக் கூறைச்சேலை.

“எதைப் போர்க்கிறது அங்கிள்? ராத்திரி முழுக்க யோசிச்சுப் பாத்திட்டன். எனக்குத் தெரியேல்லை.”

எனக்கும் தெரியவில்லை. தாய்க்கு அவர் சாகவேண்டும் என்று என்னிடம் கத்திய பிள்ளை அவள். நீதிமன்றப் படிவத்தை இன்னும் கோப்பில் வைத்திருப்பவள். இனி அந்தக் கையெழுத்தை அவளே வைக்கலாம். தகப்பன் செத்துவிட்டார் என்று அவள் இங்கே ஒரு வார்த்தை சொன்னால் போதும், முப்பத்தைந்து வருடக் கதை இந்த மண்டபத்தோடு முடிந்துவிடும். அவளாவது தப்பிவிடுவாள். வெள்ளையை எடு பிள்ளை என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

ஐயர் வேறு ஊரிலிருந்து வந்தவர். இவர்களைத் தெரியாது. தண்ணீர்ச் செம்பையும் பூவையும் ஒழுங்குபடுத்திக்கொண்டு, நேரத்தைப் பார்த்தபடி கேட்டார்.

“அம்மாவின்ர கணவர் இருக்கிறாரோ, இல்லையோ?”

மகள் பெட்டிக்குள் பார்த்தாள். தாயின் நெற்றியை ஆசுப்பத்திரியில் துடைத்துவிட்டிருந்தார்கள். பொட்டு வைத்து வைத்து வெளிறிப்போன வட்டம் மட்டும் தெரிந்தது. பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இருக்கிறார்” என்றாள்.

பையிலிருந்து கூறையை எடுத்து விரித்தாள். இரண்டு பெண்கள் வந்து மடிப்பைப் பிடித்தார்கள். ஐயருக்கு அவசரம், குங்குமச் சிமிழைத் திறந்து நீட்டினார்.

“அப்ப அவரை வரச் சொல்லுங்கோ. அவர்தான் வைக்கவேணும்.”

ஐயர் சிமிழை நீட்டியபடியே எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், ஆள் வெளியே நிற்கிறாராக்கும் என்று எண்ணி வாசல் பக்கம் பார்த்தார். மகளும் வாசலைப் பார்த்தாள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள், பின்வரிசையில் இருந்தவர்களும் திரும்பினார்கள். அந்த முகத்தைத் தன் கையால் வயதாக்கியவள் எழுந்தே நின்றுவிட்டாள். நானும் திரும்பி வாசலைப் பார்த்தேன்.